வாத்துருத்திப் பிள்ளையின் பல்லுக்கு எண் இல்லை

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் காப்பீட்டுப் படிவத்தில் 40ஆம் கட்டம் ஒரு கேள்வி கேட்கிறது: இது பல்சீரமைப்புச் சிகிச்சையா? ஆம் என்றால், 41ஆம் கட்டத்தில் கம்பி கட்டிய தேதியை எழுத வேண்டும். 42ஆம் கட்டத்தில் சிகிச்சை எத்தனை மாதம் என்று எழுத வேண்டும். எங்கோ கலிபோர்னியாவில் இருக்கும் 13 வயதுப் பிள்ளைக்காக இந்த மூன்று கட்டங்களையும் நள்ளிரவில் சரிபார்க்கிறவர் பல நேரம் நம் வீட்டுப் பிள்ளை. சென்னை, கோவை, திருச்சி, கொச்சி என்று மருத்துவ பில்லிங், கோடிங் நிறுவனங்கள் இல்லாத பெரிய ஊர் தெற்கே இல்லை. பி.எஸ்சி. முடித்த பெண்களும் பையன்களும் நைட் ஷிஃப்டில் உட்கார்ந்து, அங்கே பகலாக இருக்கும் நேரத்தில் காப்பீட்டு நிறுவனத்தை அழைத்து, ஏன் இந்தக் கிளெய்மை நிறுத்தி வைத்தீர்கள், எந்தக் காகிதம் குறைகிறது, எந்த எண் தவறு என்று வாதாடுகிறார்கள். அந்த வேலைக்கு ‘ஏஆர் காலர்’ என்று பெயர்.

அவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் எண்களில் சில குழந்தைகளின் பல்வரிசைக்கானவை. பால்பல்லும் நிலைப்பல்லும் கலந்திருக்கும் வயதில் முழுச் சீரமைப்பு என்றால் டி8070. வளரிளம் பருவத்தில் என்றால் டி8080. தொடங்கும் முன் பார்த்து வைப்பதற்கு டி8660. இடையில் வந்து கம்பி முறுக்கிக்கொண்டு போவதற்கு டி8670. கழற்றிய பிறகு ரிடெய்னர் கொடுத்துப் பல்லை நிலைநிறுத்துவதற்கு டி8680. முழுத்தாடை எக்ஸ்ரேவுக்கு ஓர் எண், பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரேவுக்கு ஓர் எண், பல்லை அளவெடுத்து வார்க்கும் மாதிரிக்கு ஓர் எண். 1969இல் அந்தச் சங்கம் இந்த முறையைத் தொடங்கியது. 2000இல் அமெரிக்க அரசு இதையே பல் மருத்துவத்துக்கான ஒரே தரக் குறியீடாக விதித்தது. அங்கே ஒரு பல் மருத்துவர் மின்னணு வழியில் கிளெய்ம் அனுப்ப வேண்டுமானால் இந்த எண் இல்லாமல் முடியாது.

எண் இருப்பதால் என்ன கிடைத்துவிடும் என்று கேட்கலாம். முதலாவதாக, என்ன செய்யப்போகிறோம், அதில் எது அடக்கம், எது தனி என்பது தொடங்கும் முன்பே எழுத்தில் வந்துவிடும். இரண்டாவதுதான் முக்கியம். அரசுப் பணத்தில் கம்பி கட்ட வேண்டுமானால், அந்தப் பிள்ளைக்கு அது உண்மையிலேயே தேவையா என்று அளந்து காட்டியாக வேண்டும். 1960இல் ஹாரி டிரேக்கர் என்பவர் வகுத்த அளவுமுறை ஒன்று உண்டு. கலிபோர்னியா உட்படப் பல மாநிலங்கள் அதைத் திருத்திப் பயன்படுத்துகின்றன. மருத்துவர் ஓர் அளவுகோலைப் பிள்ளையின் வாயில் வைத்து மில்லிமீட்டர் கணக்கெடுக்கிறார். மேல் முன்பல் கீழ்ப்பல்லைத் தாண்டி எவ்வளவு முன்தள்ளி இருக்கிறது? கீழ்ப்பல்லை எவ்வளவு மூடி இறங்கியிருக்கிறது? கீழ்த்தாடை முன்னே வந்திருந்தால் அந்த மில்லிமீட்டரை ஐந்தால் பெருக்க வேண்டும். பல்லைக் கடித்தாலும் முன்னே இடைவெளி விழுந்தால் அதை நாலால் பெருக்க வேண்டும். முன்பற்கள் நெருக்கியடித்து நின்றால் ஒரு தாடைக்கு ஐந்து மதிப்பெண். ஒரு பக்கக் கடைவாய்ப்பற்கள் மாறிக் கடித்தால் நாலு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன்தள்ளல் 8 மில்லிமீட்டர், மூடல் 5, இரண்டு தாடையிலும் நெருக்கம், அதற்குப் பத்து. கூட்டினால் 23. கலிபோர்னியாவில் தேறுவதற்கு 26 வேண்டும். ஆகவே இந்தப் பிள்ளைக்கு இல்லை. அதே பிள்ளைக்கு ஒரு பக்கம் மாறிக் கடிப்பும் இருந்தால் 27, கட்டாயம் உண்டு. அண்ணப் பிளவு இருந்தால் கூட்டலே வேண்டாம், நேராகத் தகுதி. கீழ்ப்பல் மேலண்ணத்தைக் குத்திப் புண்ணாக்கினாலும் அப்படியே. இந்த முறையில் குறை உண்டு. 25 வாங்கிய பிள்ளையின் தாய்க்கு இது கொடுமையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தாய்க்கு ஏன் இல்லை என்பது தெரியும், எதிர்த்து முறையிட இடமும் உண்டு.

இனி கொச்சியின் தேவராவுக்கு வருவோம். தேவராவை ஒட்டி, வில்லிங்டன் தீவுக்குப் போகும் வழியில் இருக்கிறது வாத்துருத்தி. கொச்சியில் கட்டட வேலைக்கு வந்த தமிழர்கள் பல பத்தாண்டுகளாகக் குடியிருக்கும் இடம். ஃபோர்ட் கொச்சி வேளியில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கும் குடும்பங்களையும் மட்டாஞ்சேரியின் பழைய அக்கிரகாரத்தையும் போல இவர்கள் ஊர்க்காரர்களாகிவிடவில்லை. ரேஷன் அட்டை இன்னும் ஊரில்தான். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் போய் வருகிற தூரத்தில் அந்த ஊர். பிள்ளைகள் மட்டும் இங்கே மலையாளத்தில் படிக்கிறார்கள்.

அங்கே ஒரு கொத்தனார் தன் மகளுக்குக் கம்பி கட்டியதற்கான ரசீதைக் காட்டினார். உள்ளங்கை அகலத் தாள். ஒரு கிளினிக்கின் மருந்துச் சீட்டின் கீழ்ப்பாதியைக் கிழித்தது. அதில் பேனாவால் ‘ஆர்த்தோ’ என்று எழுதி, பக்கத்தில் 45,000, அதன் கீழே முன்பணம் 15,000, ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். “மொத்தமா நாப்பத்தஞ்சுன்னாங்க சார். பாதிக்கு மேல கட்டிட்டோம். அப்புறம் நாலு பல்லு எடுக்கணும், அது தனின்னாங்க. எக்ஸ்ரே தனி. கம்பி ஒருதடவ பிய்ஞ்சு போச்சு, அதுக்கும் தனி. கடசில ஒரு க்ளிப் குடுப்பாங்களாம், அது இதுல சேந்ததா இல்லையான்னு நமக்கு எப்படித் தெரியும்?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மகளுக்குப் பல் நேராகி வருகிறது, அதில் அவருக்கு நிறைவுதான். ஆனால் அவர் பூச்சு வேலைக்குப் போகும்போது சதுர அடிக்கு இவ்வளவு, சாரம் யார் செலவு, சிமென்ட் யார் செலவு என்று பேசி முடித்துவிட்டுத்தான் கரண்டியைத் தொடுகிறார். மகளின் வாயில் நடக்கிற இரண்டு வருட வேலைக்கு அப்படி ஒரு பேச்சு நடக்கவில்லை.

இதில் மருத்துவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மொத்தத் தொகை சொல்லி, முன்பணம் வாங்கி, மீதியை மாதாமாதம் வாங்குவதுதான் நாடு முழுக்க வழக்கம். பாதியில் நின்றுபோகிற நோயாளிகளால் அவருக்கும் நட்டம். பிராக்கெட் ஒட்டிய முதல் நாளிலேயே பொருள் செலவில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. ஆகவே முன்பணம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நியாயமில்லாதது, அந்தத் துண்டுத்தாள்தான்.

இரண்டு வருடச் சிகிச்சையின் நடுவில் குடும்பம் இடம் மாறினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். புலம்பெயர்ந்த தொழிலாளி வீட்டில் இது அபூர்வமல்ல. கொச்சியில் வேலை முடிந்து கோவைக்குப் போகிறார்கள். அல்லது பத்தாம் வகுப்புக்குப் பிள்ளையை ஊரில் பாட்டி வீட்டில் விடுகிறார்கள். பிள்ளையின் வாயில் கம்பி, கையில் ‘ஆர்த்தோ, 45,000’ என்ற தாள். திண்டுக்கல்லில் ஒரு பல்சீரமைப்பு நிபுணர் அந்த வாயைத் திறந்து பார்க்கும்போது அவருக்கு எதுவும் தெரியாது. தொடங்கும்போது கடிப்பு எப்படி இருந்தது? எந்தப் பற்களை எந்த நோக்கத்தில் எடுத்தார்கள்? எந்த வகை பிராக்கெட், எந்தக் கம்பியில் நிற்கிறது? இன்னும் எத்தனை மாதம்? எவ்வளவு பணம் கட்டியாகிவிட்டது? ஒன்றும் இல்லை. யாரோ தொடங்கியதை முடித்துக் கொடுப்பதைவிட எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகத் தொடங்குவது அவருக்குப் பாதுகாப்பு. அப்படியென்றால் இன்னொரு மொத்தத் தொகை. கையில் காசில்லாத குடும்பம் கம்பியை அப்படியே விட்டுவிடுகிறது. பராமரிப்பில்லாத கம்பியைச் சுற்றிப் பல் வெள்ளை பூத்துச் சொத்தையாகிறது. எடுத்த பல்லின் இடைவெளி பாதி மூடி நிற்கிறது. சிகிச்சைக்கு முன்பு இருந்ததைவிட மோசமான வாய் அது.

அமெரிக்காவில் இதற்கென்றே இடமாற்றப் படிவம் இருக்கிறது. அங்கத்திய பல்சீரமைப்பு மருத்துவர் சங்கம் வகுத்தது. ஒரு மருத்துவரிடமிருந்து இன்னொருவரிடம் பிள்ளை போகும்போது ஆரம்ப நிலை, செய்த வேலை, மீதி வேலை, மீதிப் பணம் எல்லாம் அதில் போகும். 42ஆம் கட்டத்தில் மாதக் கணக்கு கேட்பதும் இதற்குத் தொடர்புள்ளதுதான். இடையில் காப்பீடு மாறினால் மீதி மாதத்துக்கு மட்டும் கணக்குப் பார்ப்பார்கள். நம்மிடமும் இருக்க வேண்டியது இது. எடுத்துக்கொண்டு போகக்கூடிய ஒரு தாள்.

நம் நாட்டில் பல் சிகிச்சைக்கு எண்ணே கிடையாதா என்றால், உண்டு. சரக்கு, சேவை வரிக் கணக்கில் மருத்துவ, பல் மருத்துவ சேவைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 999312 என்று ஒன்று இருக்கிறது. பல் பிடுங்கினாலும் அதுதான், இரண்டு வருடம் கம்பி கட்டினாலும் அதுதான். இன்னோர் எண் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த விலக்குப் பட்டியலில் இருக்கிறது. ‘எக்ஸ்கல் 08’. தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணமில்லை என்பது அதன் பொருள். விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பும் உடனடி உடல்நல ஆபத்தை நீக்கும் சிகிச்சையும் மட்டும் விதிவிலக்கு. பல்வரிசை கோணல் என்பதை அழகுப் பிரச்சினையாகப் பார்க்கும் ஒரு காப்பீட்டு அதிகாரிக்கு இந்த வரி போதும். அவர் அதைத் தொட வேண்டிய தேவைகூடப் பெரும்பாலும் வருவதில்லை. நம் மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவை படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தருகின்றன. கம்பி கட்டுவதோ நாற்காலியில் உட்கார்ந்து நடப்பது.

ஆனால் அதே அரசின் வரிச்சட்டம் வேறு விதமாகப் பேசுகிறது. 2017 ஜூன் 28ஆம் தேதிய அறிவிக்கை, உடல்நலச் சேவை என்பதில் நோய், காயம் மட்டுமல்ல, உருக்குறைபாட்டுக்கும் இயல்பு மாற்றத்துக்குமான சிகிச்சையையும் சேர்த்து வரிவிலக்குத் தருகிறது. அழகுச் சிகிச்சைக்கு விலக்கில்லை என்று சொல்லிவிட்டு, பிறவிக் குறைபாட்டாலோ வளர்ச்சிக் குறைபாட்டாலோ கெட்ட உடலமைப்பையும் செயலையும் மீட்டால் விலக்கு உண்டு என்கிறது. தாடை ஒழுங்காக வளராமல் கடிப்பு கெட்டுப்போன பிள்ளை இந்த வரியில் அடங்காவிட்டால் வேறு யார் அடங்குவார்? வரி போடும்போது நோய் என்று ஏற்பதைச் செலவு செய்யும்போது ஏற்கத் தயங்குவதற்குக் காரணம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். எந்தப் பல்வரிசை நோய், எது வெறும் அழகு என்று பிரிக்கும் அளவுகோலை நாம் அரசாங்கத்தின் கையில் கொடுக்கவே இல்லை.

கேரளத்தில் காருண்யா ஆரோக்கிய சுரட்சா திட்டம் இருக்கிறது. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்ந்து, தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். அதில் ஒவ்வோர் அறுவைக்கும் தொகுப்பு எண்ணும் விலையும் உண்டு. அதாவது, எண்ணிட்டு விலை வைக்கும் வேலை நம் அரசுகளுக்குப் புதிதல்ல, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகளுக்கு ஏற்கெனவே செய்து முடித்தது. வறிய முதியோருக்கு இலவசப் பல்செட் தரும் ‘மந்தஹாசம்’ திட்டம் கேரளத்தில் நடக்கிறது. நல்ல திட்டம். பல் என்பது சாப்பிடவும் பேசவும் நாலு பேர் முன் வாய்திறக்கவும் வேண்டியது என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. அறுபது வயதில் ஒப்புக்கொண்டதைப் பன்னிரண்டு வயதிலும் ஒப்புக்கொள்ளலாம்.

புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கென்று 2017இல் கேரளம் ‘ஆவாஸ்’ காப்பீட்டைத் தொடங்கியது. இந்தியாவில் முன்னோடி முயற்சி. ஆனால் அது 18 வயது முதல் 60 வயது வரையான தொழிலாளிக்கு மட்டும். வாத்துருத்தியில் தொழிலாளிக்கு அட்டை உண்டு, அவர் பிள்ளைக்கு இல்லை. ஊரில் இருக்கும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ கம்பிக்கு உதவாது. இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் இந்தப் பிள்ளைகள் விழுந்துவிடுகிறார்கள் என்பதைப் பல் விஷயத்தில் மட்டுமல்ல, பலவற்றிலும் பார்க்கிறோம். பல் விஷயத்தில் அது வெளியே தெரிகிறது.

எல்லாவற்றையும்விட அவசரமானது உதடு, அண்ணப் பிளவோடு பிறந்த பிள்ளைகளின் நிலை. உலக அளவில் ஏறத்தாழ 700 பிறப்புக்கு ஒன்று. இந்தத் துறையில் கேரளத்துக்குப் பெருமை சேர்த்தவர் எச்.எஸ். அடென்வாலா. 1959இல் திருச்சூர் ஜூபிலி மிஷன் மருத்துவமனைக்கு வந்தவர், 2020இல் இறந்தார். அங்கே அவர் வளர்த்த பிளவுச் சிகிச்சை மையத்துக்குத் தன் ஆசிரியர் சார்லஸ் பின்டோவின் பெயரை வைத்தார். பிளவு அறுவைக்கு இன்று அரசுத் திட்டங்களிலும் இடம் உண்டு, தொண்டு அமைப்புகளும் தாராளமாகச் செய்கின்றன. பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் ராஷ்ட்ரீய பால் சுவாஸ்திய காரியக்கிரம் 2013இல் தொடங்கியபோதே உதட்டு, அண்ணப் பிளவைப் பிறவிக் குறைகளின் பட்டியலில் சேர்த்தது. பல் நோயையும் சேர்த்தது.

ஆனால் பிளவு ஓர் அறுவையோடு முடிகிற கதை அல்ல. உதட்டை முதல் ஆறு மாதத்துக்குள் தைக்கிறார்கள். அண்ணத்தை ஒன்றரை வயதுக்குள் மூடுகிறார்கள். அதன் பிறகு மேல்தாடை குறுகி வளர்கிறது. ஏழெட்டு வயதில் அதை மெல்ல விரித்துக் கொடுக்க வேண்டும். விரித்தால்தான் ஈறெலும்பில் இருக்கும் இடைவெளியில் எலும்பு வைத்து நிரப்ப முடியும். கோரைப்பல் முளைக்கும் முன் அதைச் செய்தால்தான் அந்தப் பல் புது எலும்பு வழியாக இறங்கி வரும். பிறகு பதின்பருவத்தில் முழுச் சீரமைப்பு. வளர்ச்சி நின்ற பிறகு சிலருக்குத் தாடை அறுவை. அறுவைக்கு எண் இருக்கிறது, பணம் இருக்கிறது, புகைப்படம் எடுக்க ஆளும் இருக்கிறது. அறுவைக்கும் அறுவைக்கும் நடுவிலுள்ள பத்து வருடம், மாதம் ஒருமுறை நாற்காலியில் உட்கார்ந்து திருகு திருப்பிக்கொண்டு போகிற அந்தப் பத்து வருடம், தொண்டு நிறுவனத்தின் கருணைக்கோ அப்பாவின் கடனுக்கோ விடப்படுகிறது. நடுவில் விட்டுவிட்டால் முன்பு செய்த அறுவையின் பயனும் குறைந்துபோகிறது.

எல்லாக் கோணல் பல்லுக்கும் அரசாங்கம் கம்பி கட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பெரும்பாலான பிள்ளைகளின் பல் ஒழுங்கின்மை லேசானது. கம்பி கட்டினால் சொத்தை வராது என்பதற்கும் வலுவான சான்று கிடையாது. சொத்தைப் பல்லுக்கே மருந்தடைக்க வழியில்லாத பள்ளிகளில் முதல் பணம் அதற்குத்தான் போக வேண்டும். ஆனால் தீவிரமான குறை வேறு விஷயம். மேல் முன்பல் 3 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளி நின்றால் விழும்போது அது உடையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. 9 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிற பிள்ளை உதட்டைச் சேர்த்து மூடவே சிரமப்படுகிறது. முளைக்க வழியில்லாத கோரைப்பல் எலும்புக்குள்ளேயே நகர்ந்து பக்கத்துப் பல்லின் வேரைக் கரைக்கிறது. வகுப்பில் இவர்களுக்கு வைக்கும் பட்டப்பெயரை நான் இங்கே எழுத விரும்பவில்லை. கையால் வாயை மூடிச் சிரிக்கும் பெண்பிள்ளைகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

பிரிட்டன் இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டது. 1989இல் புரூக், ஷா என்ற இருவர் சிகிச்சைத் தேவையை ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். இன்று அங்கே 18 வயதுக்குக் கீழே நாலாம், ஐந்தாம் படியில் இருக்கும் பிள்ளைக்கு அரசுச் செலவில் கம்பி. மூன்றாம் படியில் தோற்றக் குறையும் அதிகமாக இருந்தால் உண்டு. ஒன்றும் இரண்டும் சொந்தச் செலவு. நம் பல் மருத்துவக் கல்லூரிகளில் முதுகலை மாணவர்கள் இந்தப் படிகளைப் படித்துத் தேர்வு எழுதுகிறார்கள். அறிவு இங்கேயே இருக்கிறது.

எண் மட்டும் வந்தால் போதாது என்பதற்கு டெக்சஸ் சான்று. அங்கேயும் ஏழைப் பிள்ளைகளுக்கான மெடிகெய்ட் திட்டத்தில் அதே 26 மதிப்பெண் விதிதான். 2003இல் ஒரு கோடி டாலருக்கும் கீழே இருந்த பல்சீரமைப்புச் செலவு 2010இல் 20 கோடி டாலரை ஒட்டிப் போயிற்று. டாலஸ் நகரத் தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் 2011இல் தோண்டத் தொடங்கினார்கள். தேவையே இல்லாத பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டுக் கம்பி கட்டியிருந்தார்கள். முன் அனுமதி தரும் பொறுப்பு ஜெராக்ஸ் குழும நிறுவனத்திடம் விடப்பட்டிருந்தது. பெரும்பாலான விண்ணப்பங்களைத் தகுதியுள்ள பல் மருத்துவர் பார்க்கவே இல்லை என்று தணிக்கை கண்டது. மாநில அரசு வழக்குப் போட்டது. 2019இல் 23.6 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அளப்பவரும் பணம் பெறுபவரும் ஒருவராக இருந்து, சரிபார்ப்பவர் கண்ணை மூடிக்கொண்டால் எந்த மதிப்பெண் முறையும் கொள்ளைக்குக் கதவாகும். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: அளக்கும் வேலையைத் தனியார் கிளினிக்கிடம் விடக் கூடாது. அரசு பல் மருத்துவக் கல்லூரியின் பல்சீரமைப்புத் துறை அளக்கட்டும். சிகிச்சையை யார் செய்தாலும் அளவும் மாதிரியும் புகைப்படமும் அங்கே இருக்கட்டும்.

தனியார் கிளினிக்குகளுக்கான சட்டம் கையிலேயே இருக்கிறது. 2018ஆம் ஆண்டின் கேரள மருத்துவ நிறுவனங்கள் சட்டம், கட்டண விவரத்தை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வெளியே தெரியும்படி வைக்கச் சொல்கிறது, வைத்த கட்டணத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. தனியார் மருத்துவமனைகள் எதிர்த்து நீதிமன்றம் போயின. 2025இல் கேரள உயர் நீதிமன்றம் சட்டத்தின் பக்கம் நின்றது. பல்சீரமைப்புக்கு இதை எப்படிப் பொருத்துவது என்று ஒரு சுற்றறிக்கை போதும். தொடக்க எக்ஸ்ரே, மாதிரி, பல் எடுப்பது, கம்பி, மாத வருகை, பிய்ந்தால் ஒட்டுவது, ரிடெய்னர், இடையில் நின்றால் திரும்பத் தரும் தொகை. இத்தனைக்கும் தனித்தனி வரி, தனித்தனி விலை. வாத்துருத்தி போன்ற இடங்களில் அந்தத் தாள் தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் இருந்தால் இன்னும் நல்லது. இதற்குத் தேவையான வார்ப்பைக் காக்கநாடு இன்ஃபோபார்க்கிலிருந்தோ சென்னை ஓ.எம்.ஆரிலிருந்தோ பத்துக் கோடர்களை அழைத்தால் ஒரு வாரத்தில் போட்டுக் கொடுப்பார்கள். எந்த எண்ணில் என்ன அடங்கும், எந்த இடத்தில் ஏமாற்றுவார்கள், எந்தக் காகிதம் இல்லாவிட்டால் கிளெய்ம் நிற்கும் என்பது அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த மாநிலத்தில் இல்லை. அரசுத் துறைக் கூட்டங்களில் அவர்களுக்கு ஒரு நாற்காலி இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

தொடங்க வேண்டியது பிளவுப் பிள்ளைகளிடமிருந்து. யார், எங்கே என்பது பிறப்பிலேயே பதிவாகிறது, ஏமாற்ற இடமில்லாத குறை, எண்ணிக்கையும் சமாளிக்கக்கூடியது. காருண்யா திட்டத்தின் அடுத்த தொகுப்புத் திருத்தத்தில் தாடை விரிப்புக்கு ஒன்று, எலும்பு வைக்கும் முன் சீரமைப்புக்கு ஒன்று, பதின்பருவ முழுச் சீரமைப்புக்கு ஒன்று என மூன்று எண்களைச் சேர்த்தால் போதும். அடுத்தது முன்தள்ளல் 9 மில்லிமீட்டரைத் தாண்டியவர்கள், எலும்புக்குள் சிக்கிய பல் உள்ளவர்கள். பள்ளிப் பரிசோதனைக்கு வரும் குழு ஒரு சின்ன அளவுகோலை எடுத்து வந்தால் முதலாவதைக் கண்டுபிடித்துவிடலாம். குடும்ப அட்டை எந்த மாநிலத்தது என்று பார்க்காமல், பிள்ளை படிக்கும் பள்ளியை வைத்துத் தகுதி தர வேண்டும். அப்போதுதான் வாத்துருத்திப் பிள்ளை உள்ளே வருவாள்.

கடைசியாக, செலவு என்று நாம் கணக்கில் எடுக்காத ஒன்று. எறணாகுளம் மாவட்டத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இல்லை. தேவராவிலிருந்து ஆலப்புழைக்கோ கோட்டயத்துக்கோ போக வேண்டும். மாதம் ஒருமுறை வீதம் இரண்டு வருடம். காலை ஓபிக்குப் போனால் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அன்றைய கூலி போயிற்று, பிள்ளைக்கு வகுப்பு போயிற்று. கம்பியை இலவசமாகக் கட்டினாலும் இருபதுக்கும் மேற்பட்ட கூலியை அந்தக் குடும்பம் இழக்கிறது. பல பேர் பாதியில் நின்றுவிடுவது பணம் இல்லாமல் அல்ல, இந்தக் காரணத்தால். ஆகவே எண்ணும் அளவுகோலும் வரும்போதே, எறணாகுளம் பொது மருத்துவமனையின் பல் பிரிவில் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பல்சீரமைப்புக்கு ஒதுக்க வேண்டும். கோட்டயம் கல்லூரியிலிருந்து ஓர் ஆசிரியரும் நாலு முதுகலை மாணவர்களும் வந்தால் நடக்கும். மாணவர்களுக்குத் தேவையான நோயாளி எண்ணிக்கையும் அதிலேயே கிடைக்கும்.